நூற்றிருபதுக்கு மேலே

கிளினிக் தராசு நூற்றிருபதோடு சரி.
முள் போய் முட்டி நடுங்கியது.
தாதி நல்ல பிள்ளை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்:
"அக்கா, மீன் ஏலத்தில பெரிய தராசு இருக்கு,
நிறுத்து எழுதிக்கொண்டு வாங்கோவன்."

காலை ஒன்பதரை. ஏலம் முடிந்திருந்தது.
தட்டில் செதில் இன்னும் காயவில்லை.
செருப்பைக் கழற்றவா என்று கேட்டேன்.
முபாறக் நானா குழாயைத் திறந்து
தட்டைக் கழுவி, தோளில் கிடந்த துவாயால் துடைத்து,
எந்தச் சுறாவுக்கும் செய்திராத மரியாதையோடு
"ஏறுங்க தங்கச்சி" என்றார்.
நூற்றிருபத்தேழு தசம் நாலு.
"ஐஸ் இல்லாம" என்றார்.
சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்,
பிறகு சிரித்ததற்குப் பயந்தார்.

டொக்டர் அனுலோஜினி
"வாயைக் கட்டு" என்று சொல்லவில்லை.
திருக்கோணமலையில் அதைச் சொல்லாமல் மிஞ்சியிருந்தவ
இவ ஒருத்திதான்.
காகிதத்தில் மூளை கீறினா, பலாக்கொட்டை மாதிரி வந்தது.
அதன் அடியில் ஒரு புள்ளி.
"கொழுப்பு சும்மா கிடக்கிறதில்லை, கதைக்கும்.
காணும், காணும் எண்டு இரத்தத்தில ஆள் அனுப்பும்.
இந்தப் புள்ளியில இருக்கிற கலங்கள் அதைக் கேக்கவேணும்.
உங்களுக்குச் செய்தி குறைவில்லை, கூடிப்போச்சு.
கேக்கிற பக்கம்தான் மந்தம்."

நான் துறைமுகத்து ரேடியோக்காரி என்பது
அவவுக்குத் தெரியாது.
பதினாறாம் சானல், பதினொரு வருஷம்.
சீனக்குடா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்
சில இரவுகளில் கூப்பிடும், பதில் சொல்வேன்,
ஊசி எழும்பும், என் குரல் போகும்.
அவன் மட்டும் திரும்பத் திரும்ப:
திருக்கோணமலை, திருக்கோணமலை, கேட்கிறதா?
எனக்குக் கேட்கிறது ஐயா, உனக்குத்தான் கேட்கவில்லை.
அப்படியான கப்பல் என்ன செய்யும்?
கரையே இல்லை என்று எண்ணிக்கொண்டு
வேகத்தைக் குறைக்கும்.
தாங்கி நிறைய எண்ணெய் கிடக்க
எண்ணெயை எண்ணி எண்ணி எரிக்கும்.

போன வருஷம் பதினொரு கிலோ இறக்கினேன்.
பாண் இல்லை, சீனி இல்லை,
உப்புவெளிக் கரையில் விடியுமுன் நடை.
மச்சாள்மார் கைதட்டினார்கள்.
உள்ளே ஒருத்தன் சைரன் ஊதத் தொடங்கினான்.
குளிக்கையில், பஸ்ஸில், செத்தவீட்டில்கூட:
பஞ்சம், பஞ்சம்.
எட்டு மாதத்தில் பதின்மூன்று ஏறியது.
மச்சாள்மார் ஒன்றும் சொல்லவில்லை.
அதுவே சொன்னதுதான்.

"எந்த வருஷம் பிறந்தீங்கள்?"
தொண்ணூறு, கார்த்திகை.
ஆனியில் ஊரைவிட்டு ஓடும்போது
அம்மாவின் வயிற்றில் நாலு மாதம்.
முகாமில் மாக்கஞ்சி, அதுவும் ஒருநேரம்.
டொக்டர் பேனையை மூடினா, திறந்தா.
"அந்தக் கலங்கள் வயித்திலயே பஞ்சத்துக்குப் பழகியிருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
உங்கட விஷயத்தில எனக்குத் தெரியாது."
என் உடம்பைப் பற்றித் தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.
அழுகை வந்தது. மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பினேன்.
அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.
அந்தக் கஞ்சியையும் எனக்காகத்தான் குடித்திருப்பா.

இன்று இரவுக் கடமை. மணி இரண்டு நாற்பது.
வாசலில் மான்கள்.
இந்த நகரத்து மான்களுக்குக் காடு தெரியாது,
சோற்றுப் பொதித் தாளின் மணம் தெரியும்.
ஒன்று கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்தி
மூச்சால் வட்டம் வரைந்துகொண்டு நிற்கிறது.
என் பையில் இரண்டு மாலுபணிஸ்.
அதுவும் நானும் ஒன்றையேதான் நினைக்கிறோம்.

சாப்பிட்டேன். ஒன்றை. பிறகு மற்றதையும்.
பொய் சொல்ல இந்நேரம் இங்கே ஆளில்லை.
காரணம் தெரிந்தால் பசி போய்விடும் என்று
எவரும் எனக்கு வாக்குத் தரவில்லையே.

கை துடைக்கத் தாள் தேடியபோது
மீன் பில் வந்தது, ஈரம் காய்ந்து சுருண்டு.
வகை என்ற இடம் வெறுமை.
நிறை, 127.4.
விலை என்ற இடத்தில் முபாறக் நானா
பேனையை அழுத்தி
நேராக ஒரு கோடு போட்டிருக்கிறார்.